மீன்தலைப் போரில் பெங் தெஹோவ் ஏந்திய நாற்பது சொற்கள்

வாழ்க, சீனத்து ஜீனான் நகரத்துப் பெங் குலத்தின் தலைமகன் தெஹோவ்! முப்பத்தாறு ஆண்டுகள் ரயில் பாதையில் கொடியசைத்து இரும்புத் தேர்களை நிறுத்தியவன். எழுபது வயதிலும் வளையாத முதுகினன். மூவர் வற்புறுத்தாமல் தலைமை நாற்காலியில் அமராத மானத்தின் மலை!

அவனது பிறந்தநாள் விருந்தில், சுழலும் கண்ணாடி மேசைமேல் வந்திறங்கியது கெண்டை மீன். அவ்வூர் வழக்கப்படி, தலை யாரை நோக்குமோ அவருக்கே முதல் மதுக்கிண்ணமும் மரியாதையும். தலை தெஹோவை நோக்கியது. அந்தோ! ஹங்கேரியிலிருந்து முதன்முறை வந்திருந்த மருமகன் ஜோல்ட், வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு மேசையைச் சுழற்றினான். சூறாவளியில் சிக்கிய போர்க்கப்பலெனச் சுழன்ற மீன், தம்பி தெமிங்கின் எதிரே நின்றது.

"அண்ணே, மீனே என்னத்தான் பாக்குது, நான் என்ன பண்ண!" என்று கிண்ணத்தைத் தூக்கினான் அந்தப் பரம வைரி.

தன் மரியாதையைத் தானே கைநீட்டித் திருப்பிக்கொள்வதா? "எனக்கு அவமானம்" என்று தாய்மொழியில் வாய்விட்டுச் சொல்வதா? சொன்ன கணமே அவமானம் இரட்டிப்பாகுமே! இத்தகைய நாளுக்கென்றே, வெளிநாட்டு மருமகன் என்று மகள் அறிவித்த அன்று தொடங்கி, மூன்று மாதங்கள் விடியலில் எழுந்து, அலட்சியம் முதல் அடாத இழிவு வரை மானக்கேட்டின் படிகள் அனைத்துக்கும் நாற்பது ஆங்கிலச் சொற்களைத் தீட்டி வைத்திருந்தான் வீரன். எழுந்தான். தொண்டையைச் செருமினான். அம்புமாரியென ஆங்கிலம் பொழிந்தான்:

"கேளும் மருகரே! நீர் புரிந்தது அலட்சியமன்று, அவமதிப்பு! அவமதிப்புமன்று, எம் குலத்தின் மாண்பைக் காலால் மிதித்த கொடுஞ்செயல்!"

சொற்கள் நாற்பதும் தீர்ந்தன. ஜோல்ட் கடலையை விழுங்கினான். பிறகு தெளிவான சீனத்தில், "மாமா, எனக்கு இங்கிலீஷ் வராதே. எங்க ஊரு ஸ்கூல்ல ஜெர்மன்தான் சொல்லிக்குடுத்தாங்க. சீனத்துலயே சொல்லுங்களேன்" என்றான்.

"ஆமா, என்னதான் சொன்னீங்க? எங்களுக்கும் புரியல" என்றாள் தெஹோவின் மனைவி.

பன்னிரண்டு முகங்கள் அவனை நோக்கின. அயல்மொழிக் கவசம் கழன்று வெறுமேனியாய் நின்ற வீரன் தம்பியின் கிண்ணத்தைப் பார்த்தான்; மீனைப் பார்த்தான்; நாற்காலியில் அமர்ந்தான்.

"மீன் ஆறிடும், சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

தம்பி முதலில் குடித்தான், மற்றவர்கள் சாப்பிட்டார்கள், மீன் ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.