ஹாலில் ஓர் ஆறடி

அன்று ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். துறைமுக ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் ஒரு திருகாணி குறையாமல் எண்ணி ஓய்வு பெற்ற ஜம்புநாதன். அவர் மனைவி ஷியாமளா. பழைய சாமான் வாங்குகிற சந்தீப். கீழ்வீட்டு வங்காளி முகர்ஜியின் விதவை, குடியிருப்பில் எல்லாருக்கும் பௌதி, அதாவது அண்ணி. அவள் கடைசியில்தான் வந்தாள். ஆனாலும் பார்க்க வேண்டியதை முழுக்கப் பார்த்தாள்.

இத்தனைக்கும் காரணம் முகர்ஜிதான். இரண்டு மாதம் முன்பு அவர் காலமானபோது, சோபாவும் சாப்பாட்டு மேஜையும் மீன் தொட்டியும் போக அவர் ஹாலில் அவருக்கு இடமில்லை. மாடிப்படித் திருப்பத்தில் கிடத்தினார்கள். மகன் வந்து சேர இரண்டரை மணி நேரம். ஜம்புநாதன் ஓரமாக நின்று எண்ணினார். இருபத்து மூன்று பேர் தாண்டிப் போனார்கள். ஒருவன் கையில் யாருக்கோ வந்த பிரியாணிப் பொட்டலம்.

ஜம்புநாதன் கூச்ச சுபாவம். படியில் எதிரே பூனை வந்தாலும் ஒதுங்கி நிற்பவர். அவருக்குத் தூக்கம் போயிற்று. அளவு டேப்பை எடுத்தார்.

டாலிகஞ்சில் அவர்கள் ஹால் பத்தடிக்கு ஒன்பதடி. அதில் ஒரு சோபா, டிவி மேஜை, நாற்பத்தேழு மண் பொம்மைகளுடன் ஷியாமளாவின் ஷோகேஸ், நடுவே அவருடைய சாய்வு நாற்காலி. நாற்காலித் துணியில் பதினெட்டு வருஷத்துத் தலை எண்ணெய். அதை வெளியேற்ற ஷியாமளா ஆறு தடவை முயன்று தோற்றிருந்தாள். ஷோகேஸ் போனால் சுவரோரம் ஆறடி இரண்டங்குலம் என்று டேப் சொன்னது.

"ஷியாமளா, ஹால்ல காத்தே இல்லை. ஷோகேஸைக் கொடுத்துடலாம்."

"காத்து யாருக்கு?"

"ஆத்துக்குத்தான்."

"ஆத்துக்கு மூச்சு முட்டறதாக்கும்? சரி, ஞாயித்துக்கிழமை சந்தீபை வரச் சொல்றேன்."

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் எதற்கும் முதல் தடவையே சரி என்றதில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிறு. சந்தீப் ஷோகேஸில் கை வைத்தான். ஷியாமளா அவனை நிறுத்திவிட்டு, அவர் பின்பக்கம் கணக்கெழுதி வைத்திருந்த ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் படித்தாள்.

"'தேவை ஆறடி. நான் ஐந்தடி எட்டங்குலம்.' இது என்ன, காத்தோட உசரமா?"

ஜம்புநாதன் தரையைப் பார்த்தார். சந்தீபுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மாடிப்படியில கிடக்க மாட்டேன், ஷியாமளா."

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"சரி. தலை எந்தத் திக்கு வைப்பா?"

"தெக்கே."

"நீங்க அளந்தது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். அளந்தது கிழக்கு மேற்காக.

"தெற்கு வடக்கா மறிச்சுண்டு நிக்கறது என்ன?"

மூன்று பேரும் சாய்வு நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அதுல நான் உட்கார்றேனே!"

"அன்னிக்கு உட்காரப் போறதில்லையே."

"அதுவரைக்கும்?"

"சமையல்கட்டுல முக்காலி இருக்கு. கீரை ஆஞ்சுண்டே உட்காரலாம். சந்தேகம்னா படுத்துப் பாருங்கோ."

சரிபார்க்காமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை அவருக்கு. நாற்காலியைச் சோபா பக்கம் நகர்த்தினார்கள். ஜம்புநாதன் தெற்குச் சுவரில் தலை முட்டப் படுத்தார். மொசைக் தரை சில்லென்றிருந்தது. நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிய சந்தீப், வாசலுக்கு வேறு வழியில்லாமல் அவர் வயிற்றைத் தாண்டிப் போனான்.

திறந்த வாசலில் பௌதி. கையில், திருப்பிக் கொடுக்க வந்த கிண்ணம்.

"ஓ மா! தாதார் கீ ஹோலோ?" அண்ணாவுக்கு என்ன ஆச்சு என்று அவள் பதற, கிண்ணம் விழுந்து உருண்டது.

"கிச்சு நா, பௌதி. மாப் நிச்சி," ஒன்றுமில்லை, அளவெடுக்கிறேன் என்று ஷியாமளா டேப்பைத் தூக்கிக் காட்டினாள்.

பௌதி தலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். எங்கள் வீட்டிலும் முன்னாலேயே இப்படி அளந்து பார்த்திருக்கலாம் என்று பெங்காலியில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, சோபாவில் உட்காருவதற்காக அவளும் அவரைத் தாண்டினாள்.

ஜம்புநாதன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு, என்று எண்ணினார்.

நாற்பத்தேழு பொம்மைகளும் இடம் மாறாமல் மேலே இருந்து பார்த்தன. அவர் குதிகாலுக்கும் டிவி மேஜைக் காலுக்கும் நடுவே ஷியாமளா டேப்பைப் பிடித்தாள்.

"அசையாதேங்கோ. மிச்சம் நாலு அங்குலம்."