ஒரே பேனாவில் எழுதிய பரம்பரை

எனக்குக் கோபம் அதிகம். பொய் ரெக்கார்டு எழுதுகிறவர்களைக் கண்டால் இன்னும் அதிகம். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நானே பரம்பரை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் வந்த கோபம் அது. நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொன்னால் நீட்டுவார்.

அப்போது ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் சரக்கை வாங்கும் இங்கிலாந்துக் கம்பெனியிலிருந்து வருடம் ஒருமுறை ஆடிட்டுக்கு ஆள் வருவார். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு ஒரே வேலை: அளக்காமல் விட்ட நாட்களுக்கெல்லாம் அளவு எழுதுவது. அதற்கும் ஒரு தொழில் தர்மம் உண்டு. நான்கு பேனா, மூன்று கையெழுத்து, ஒரு பக்கத்தில் டீக்கறை. (டீக்கறை என் கண்டுபிடிப்பு. அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.)

அந்த வருடம் வந்தவர் பெயர் டென்னிஸ். அறுபது வயது, பேச்சு குறைவு. கேன்டீனில் ரசத்தோடு போராடிக்கொண்டிருந்தவர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். குடும்ப வம்சாவளிப் படம். கீழே அவர், மேலே அவர் அம்மா, அதற்கு மேல் அம்மாவின் அப்பா. அதற்கும் மேலே தாமஸ் என்று ஒரு பெயர், பக்கத்தில் கேள்விக்குறி.

"எங்க அம்மாவோட தாத்தா. இந்தப் பக்கம் குதிரைப் பண்ணைக்கு வேலைக்கு வந்தவர். அதுக்கப்புறம் தகவலே இல்ல" என்றார். (அவர் பேசியது இங்கிலீஷ். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.) "பொண்டாட்டி பிள்ளைங்களை விட்டுட்டு ஓடிட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. ஓடினாரா, செத்தாரா, அது மட்டும் தெரிஞ்சா போதும்ங்கிறாங்க."

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதாம்மா லோக்கல். எதையாச்சும் தேடிக் குடு. அவர் மனசு குளுந்தா ஆடிட்டு ஈஸி."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் பைக்கில் பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தளி ஊர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் போட்டிருக்கும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்தான் சொத்து. அதைக் கெடுத்த கடுப்பில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அக்கா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"ஒரு துரையைங்க. எங்க கம்பெனி ஆடிட்டுக்காக."

"செத்தவங்களுக்குமா ஆடிட்டு?" என்றபடி தடித்த பதிவுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் தாமஸ் இல்லை. உண்ணிச்செடிக்குள் புகுந்து சலவைக்கல் சமாதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கும் இல்லை.

"இல்லன்னு சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"ஆடிட்ல இல்லன்னு சொல்ற பழக்கமே கிடையாதுங்க."

கரையான் தின்ற இடத்தை அன்று மாலை வீட்டில் ஒரு தாளில் நான் நிரப்பினேன். மூன்று பேர் வாக்குமூலம், மூன்று கையெழுத்து. ஒருவர் லூர்து அக்கா. மற்ற இரண்டு பெரியவர்களையும் நானே பெற்றெடுத்தேன். தாமஸ் துரை பண்ணைக்கே தலைவர். வெள்ளைக் குதிரையில் வருவார். பஞ்சத்தில் ஏரி வெட்டினார். குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்த அன்று தேன்கனிக்கோட்டை முதல் உத்தனப்பள்ளி வரை ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. (வெள்ளைக்காரன் என்றால் துரை. வேறு வகை வெள்ளைக்காரனும் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.) வீட்டில் இருந்தது ஒரே பேனா, உரக்கடையில் ஓசியில் கொடுத்தது.

திங்கட்கிழமை ஆடிட்டின் கடைசிக் கூட்டம். மேனேஜர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, டென்னிஸ் என் தாளைப் படித்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூணு பேரும் ஒரே பேனாவா?"

"பேனா ஒண்ணுதான் கொண்டு போனேன் சார்." (அந்தப் பதிலுக்காக நான்கு நொடி பெருமைப்பட்டேன்.)

"கையும் ஒண்ணுதான் கொண்டு போனீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தாளை மடித்தார்.

"எங்க ஆளுங்க எல்லாம் நிலக்கரி வெட்டினவங்க. தாமஸ் குதிரைக்கு லாடம் அடிச்சவர். குதிரை மேல உட்கார்ந்தவர் இல்ல, குளம்புகிட்ட குனிஞ்சவர். கையெழுத்துப் போடத் தெரியாம, கல்யாணப் பதிவுல பெருக்கல் குறி போட்டிருக்கார். இதை நான் அம்மாகிட்ட படிச்சுக் காட்டியிருந்தா அவங்க நம்பியிருப்பாங்க."

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "பிரேக் ரெக்கார்டை முதல்ல இருந்து பார்க்கணும்."

இரண்டு நாள் பார்த்தார். முதலில் பிடித்தது டீக்கறைப் பக்கத்தை. ஆடிட்டில் தோற்றோம். மேனேஜர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும். "லாடம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்று கேட்டேவிட்டேன்.

"பதிலைக் கேள்விக்குள்ள வச்சுக் கேட்டா அது ஆடிட்டே இல்ல" என்றார்.

மறுநாள் காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே கல்லறைக்குப் போனேன். வீட்டுக்காரரும் வந்தார், வேடிக்கை பார்க்க. விஷயத்தைக் கேட்ட லூர்து அக்கா புளியைக் கீழே வைத்தார்.

"லாடக்காரரா? நீ துரைன்னுதானம்மா கேட்ட? துரைங்க முன்னாடி, சலவைக்கல்லுல. வேலை செஞ்சவங்க பின்னாடி, மதிலோரம். அவங்களுக்குப் புஸ்தகமே வேற."

ஒல்லியான நோட்டு ஒன்று வந்தது. அதைக் கரையான் தொடவில்லை. (கரையானுக்கும் என்னைப் போலத் துரைகளைத்தான் பிடித்திருக்கிறது.) பத்தாவது பக்கத்தில் இருந்தார். தாமஸ், லாடம் அடிப்பவர், காய்ச்சல். ஊருக்கு வந்த எட்டாவது மாதம்.

டென்னிஸ் அந்த வரிக்கு மேலும் கீழும் இருந்த வரிகளைப் பார்த்தார். "மூணு வேற கை. மூணு வேற மை" என்றார். மதிலோரம் சமாதி என்று எதுவும் இல்லை, நோட்டில் இருந்த எண் வெட்டிய ஒரு கல்தான். அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து போன் போட்டார்.

"ஓடலம்மா. செத்துட்டார். வந்த எட்டு மாசத்துல."

அந்த அம்மா சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "எங்க அப்பா சாகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தாரே."

நான் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நான் எழுதிக் கொடுத்த வெள்ளைக் குதிரை ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது டென்னிஸ், "உங்க தாத்தாவோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டார். சும்மா மரியாதைக்குத்தான். எனக்குத் தெரியாது. அவர் கேட்டது என்ன என்று வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

"அவகிட்ட கேக்காதீங்க சார்" என்றார் அவர். "எழுதிக் குடுத்துடுவா."

அவருக்கு இங்கிலீஷ் வராது. அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். வந்ததிலிருந்து டென்னிஸ் அப்போதுதான் சிரித்தார்.

போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் கொடுத்த தாளில் பத்து ஏக்கர் தோட்டம், பெங்களூரில் சொந்த வீடு, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, வீட்டுக்காரர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரே பேனா" என்றார். "டீக்கறை கூட இல்ல. இவங்க தொழிலுக்குப் புதுசு."