முத்தழகி எதுக்கு வந்தா?

பேய்ப் படத்துக்கு வசனம் எழுதுகிறவன் பயந்தாங்கொள்ளியாக இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

சேர்ந்தது ஒரு பேய்ப் பட வரிசையின் மூன்றாம் பாகத்தில். முதல் பாகத்தில் முத்தழகி என்ற பேய், தன்னைக் கடலில் தள்ளியவனைத் தேடி வந்து தீர்த்துக்கட்டிவிட்டாள். கதை அதோடு முடிந்தது. ஆனால் ஈரப் புடவையோடு தலையைச் சிலுப்பி அவள் "வந்துட்டேன்டா!" என்றதும் விசில் சத்தத்தில் தியேட்டரே கிழிந்ததால், இரண்டாம் பாகத்திலும் வந்தாள். மூன்றாவதில் நான் அவளைப் பதினொரு தடவை வரவைத்தேன். (ரேஷன் கடைக்குக்கூட யாரும் அத்தனை தடவை போக மாட்டார்கள்.)

டைரக்டர் கேட்டார்: "எதுக்குய்யா வர்றா?"

"விசில் அடிப்பாங்க சார்."

"அது ரசிகனோட காரணம். அவ காரணம் என்ன? நாளைக்கு கடப்பாக்கத்துல லொகேஷன் பாக்குறோம். அங்க அந்த என்ட்ரிய நடிச்சுக் காட்டு. நான் நம்பினா டைட்டில்ல உன் பேரு. இல்லன்னா வேற ஆளு."

மனைவி சித்ராவின் பச்சைப் புடவையோடு கிளம்பினேன்.

கடப்பாக்கத்தில் கோட்டையின் இடிந்த சுவர் ஒன்று கழிமுகத்து ஓரம் நிற்கிறது. சாயங்காலம் நாலரை. காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. தண்ணீர் தகரம் மாதிரி அசையாமல் கிடந்தது. டைரக்டர் எதிரே மணல்மேட்டில். நான் ஈரப் புடவை, சவுரி, மீசையை மறைத்த முந்தானையோடு சுவர் மறைவில். அவர் கையை ஆட்டினார். பாய்ந்தேன்.

"வந்துட்டேன்டா!"

கண்ணில் பட்டது டைரக்டர் இல்லை. முழங்கால் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டே வந்த மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் அலறவில்லை. மூத்தவள் கூடையை இறக்கிவைத்தாள். பேய் பிடித்தவளை உட்காரவைத்துக் கேட்பார்களே, அதே நிதானத்தில் கேட்டாள்.

"யாரு நீ? எதுக்கு வந்துகினு கீற? இன்னா வோணும், சொல்லு. குடுத்துடறோம், போயிடு."

பதினொரு தடவை வரவைத்த நான், எதுக்கு என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அப்போது எனக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக ஒரு பெண் குரல்:

"எம் பொண்ணு சாப்ட்டாளான்னு பாக்க வந்தேன்."

மூத்தவள் கண் கலங்கிவிட்டது. "சாப்ட்டாம்மா. நீ போ."

திரும்பிப் பார்த்தேன். சுவர். தண்ணீர். சேற்றில் என் கால் தடம் மட்டும்.

ஓடினேன். புடவை தடுக்கிக் குப்புற விழுந்தேன். சவுரி ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம்; மீசை வெளியே தெரிந்தது.

"அய்யய்ய, ஆம்பளடி! கொரலு மட்டும் அச்சு அசல் பொம்பள கொரலா கீது! யோவ், பொண்டாட்டி பொடவயா இது?"

டைரக்டர் ஓடிவந்து சேற்றோடு கட்டிக்கொண்டார். "அந்தக் கொரல எப்டிய்யா புடிச்ச? இதான்யா காரணம்!"

(நான் இல்லை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டைட்டில் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.)

படத்தில் முத்தழகி ஒரே ஒரு தடவைதான் வந்தாள், மகளைப் பார்க்க. விசில் இல்லை, தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. என் பேர் பெரிய எழுத்தில் வந்தது.

உண்மை தெரிந்தவர்கள் வீட்டில் இருவர்தான். டிவியில் அந்தப் படம் போட்டால், 'வசனம்' என்ற எழுத்து வந்ததும் சித்ராவும் என் மகளும் சேர்ந்து வாசிப்பார்கள்: "அப்பாவும் அந்தம்மாவும்!"

சிரித்து உருளுவார்கள். நான் எழுந்துபோய், வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.