மயங்கிக் கிடப்பவர் பேசலாகாது

குகைப் பூதத்தோடு நடந்த சண்டையில் எங்கள் குழு தன்னுடைய வில்லாளியைத் தானே கொன்றுவிட்டது என்று வெளியே பேசப்படுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன். வெளியே என்று நான் குறிப்பிடுவது என் தங்கையை. அவளைத் தவிர வேறு யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மருந்துக்கடை மாடியில் கூடுவோம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஐந்து நாற்காலி, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்து இல்லாத உலகத்தில் இல்லாத வாளைச் சுழற்றுவோம். ஆளுக்கொரு பாத்திரம், ஒருவர் கதையை நடத்துவார், அடி பட்டதா படவில்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வளர்ந்த மனிதர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற ஆறு நாளும் நாங்கள் செய்கிற காரியத்தை அவர்கள் பார்த்ததில்லை.

கதையை நடத்துபவர் நில அளவையாளர். அவர் வரைந்த குகைக்கு அளவுகோல் உண்டு, வடக்கு எது என்று அம்புக்குறியும் உண்டு. மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. ஆறு நாள் மருந்து கொடுப்பவன் ஏழாம் நாளும் மருந்தைத் தொடுவானா என்று அவர் கைவிரித்துவிட்டதால், வைத்தியர் வேடம் அச்சகத்தில் பிழைதிருத்தும் என் தலையில் விழுந்தது. நர்ஸாக வேலை பார்க்கும் என் தங்கையும் அதே காரணத்தைச் சொல்லி வில்லாளி ஆனாள். ஐந்தாமவர் ஒரு பதிவு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் கண்காணிப்பாளராக இருந்தவர். அலுவலகம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார். அவர் கவசவீரர்.

முதல் சுற்றிலேயே பூதம் வில்லாளியைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அவள் மயங்கி விழுந்தாள். விதிப்புத்தகப்படி மூன்று சுற்றுக்குள் வாயில் மருந்து போக வேண்டும். போகாவிட்டால் கதை முடிந்தது. மருந்துப் புட்டி என் கையில் இருந்ததால் யாரும் பதறவில்லை. தங்கைக்கு மட்டும் ஒரு கவலை. ஏழு வாரத்தில் அவள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருஷமாக வளர்த்த வில்லாளி, தான் போவதற்குள் எழுந்து நின்று அந்தப் பூதத்தின் மேல் ஒரு அம்பாவது விட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் யார் முதலில் கை ஓங்குவது என்பதற்கு எல்லோரும் பகடை உருட்டுவோம். இதை ‘முதல் கை’ என்போம். பெரிய எண் விழுந்தவர் முதலில். இரண்டாம் சுற்றில் எனக்குப் பதினொன்று, பூதத்துக்கு ஒன்பது. மந்திரவாதிக்குப் பதினாலு. கவசவீரருக்கும் பதினாலு.

“ரெண்டு பேரும் மறுபடி உருட்டுங்க,” என்றார் அளவையாளர்.

கண்காணிப்பாளர் பகடையைத் தொடவில்லை. “மறுபடி உருட்ட எந்த விதியில இடம் இருக்கு?”

“எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க.”

“எல்லாரும் பண்றாங்கன்னு நாமளும் பண்ணினா அது முன்னுதாரணம் ஆயிடும். நாளைக்கு ஆளாளுக்கு மறுபடி உருட்டணும்னு வந்து நிப்பாங்க. அப்போ யார் பதில் சொல்றது?”

யார் பதில் சொல்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் இல்லாததைக் குழுவே வகுத்துக்கொண்டால் அதற்கு வீட்டுவிதி என்று பெயர். எண் சமமாக விழுந்தால் மூப்புப்படி முன்னுரிமை என்று எங்கள் முதல் வீட்டுவிதி அன்றைக்கே நிறைவேறியது. தங்கை கைதட்டினாள். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அடுத்த ஞாயிறு, எந்த மூப்பு என்ற கேள்வி எழுந்தது. கண்காணிப்பாளருக்கு வயது அறுபத்திரண்டு. ஆனால் மந்திரவாதிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

“ஆதாரம்?” என்றார் கண்காணிப்பாளர்.

“மந்திரவாதிக்கு யார் சார் பிறப்புச் சான்று குடுப்பாங்க?”

“பிறந்தப்பவே கேட்டு வாங்கியிருக்கணும்.”

மருந்துக்கடைக்காரர் ரோஷக்காரர். அதற்கடுத்த வாரம் டீயில் நனைத்துப் பழுப்பாக்கிய ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். கண்காணிப்பாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முந்நூறு வருஷத்துக்கு முந்தின தாள்ல உங்க கடை போன் நம்பர் இருக்கே,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் குழுவில் சேர்ந்த தேதியே மூப்பு என்று ஆறாம் விதி வந்தது. இரண்டிலிருந்து ஐந்து வரையிலான விதிகள் ஆறாம் விதி வருவதற்கான நடைமுறைகள் என்பதால் அவற்றை இங்கே விவரிக்கவில்லை. அதன்படி மந்திரவாதிக்கு முதல் இடம், ஒரு வாரம் பிந்திச் சேர்ந்த கவசவீரருக்கு இரண்டாம் இடம். தாம் கேட்ட மூப்புக்குத் தாமே தலைவணங்கிய கண்காணிப்பாளரின் பெருந்தன்மையையும் நான் குறிப்பேட்டில் ஏற்றினேன். குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது.

இனி அடிக்கலாம் என்று மந்திரவாதி கோலைத் தூக்கினார்.

“பூதத்தைக் கேட்டீங்களா?” என்றார் கண்காணிப்பாளர்.

“எதைக் கேக்கறது?” என்றார் அளவையாளர்.

“இந்த விதியால பாதிக்கப்படறவங்கள்ல அதுவும் ஒண்ணு. அது தரப்பைக் கேக்காம அமல்படுத்தினா நாளைக்கு நிக்காது.”

“அதுக்குப் படிக்கத் தெரியாது சார். அறிவு ரெண்டுதான் போட்டிருக்கேன்.”

“அப்போ வாசிச்சுக் காட்டிக் கைரேகை வாங்குங்க.”

அளவையாளர் ஆறு விதிகளையும் பூதத்துக்கு வாசித்துக் காட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பூதத்தின் குரலில், ஆட்சேபணை இல்லை என்றார். கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். பத்தடிப் பூதத்தின் ரேகை இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று மந்திரவாதி சந்தேகம் கிளப்பியதில் அந்த ஞாயிறும் போயிற்று.

ஐந்தாம் வாரம் தங்கை பொறுமை இழந்தாள். “அண்ணா, இவங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல அடிச்சா என்ன? எப்படியும் பூதத்துக்கு முன்னாடி உன் முறை. மருந்தை ஊத்தறேன்னு சொல்லேன்.”

எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் சங்கடத்துக்குக் காரணம்.

“நீங்க மயக்கத்துல இருக்கீங்கம்மா,” என்றார் கண்காணிப்பாளர், ரொம்பக் கனிவாக. “மயக்கத்துல இருக்கறவங்க கருத்துச் சொன்னா, அப்புறம் மயக்கத்துக்கு என்ன மரியாதை?”

இதன் விளைவாகப் பத்தாம் விதி பிறந்தது. மயங்கிக் கிடப்பவர் பேசலாகாது, எழலாகாது, நாற்காலியில் சாய்ந்தே இருத்தல் வேண்டும். அன்று முதல் தங்கை சாய்ந்தே இருந்தாள். முறைப்பதற்குத் தடை இல்லாததால் முறைத்தாள், பெரும்பாலும் என்னை.

ஆறாம் வாரம் மருந்துக்கடைக்காரர் ஒரு தண்டனை விதி கொண்டுவந்தார். முறை வராமல் யாராவது செயல்பட்டால் அவர் இருக்கும் நிலையிலிருந்து ஒரு படி இறக்கப்படுவார்: நிற்பவர் விழுவார், விழுந்தவர் மயங்குவார். அவ்வளவுதான் எழுதியிருந்தார். பிழைதிருத்தும் கண்ணுக்கு அது ஒரு கால் இல்லாத நாற்காலி மாதிரி இருந்தது. நான் பேனாவை எடுத்து, ‘மயங்கியவர் இறப்பார்’ என்று சேர்த்தேன். யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை. பட்டியல் பாதியில் நிற்பது எனக்குப் பிடிக்காது. கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “இப்பதான் முழுசா இருக்கு,” என்று என் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

ஏழாவது ஞாயிறு வந்தது. தங்கைக்குப் புதன்கிழமை விமானம். அன்று ஆட்சேபணை எதுவும் மிச்சம் இல்லை. பதினோரு விதிகளும் தட்டச்சாகி, உறையிட்டு, மேஜை நடுவில் இருந்தன. மருந்துக்கடைக்காரர் செய்துவந்த ரப்பர் முத்திரைகூட ஒவ்வொரு பக்கத்திலும் விழுந்திருந்தது.

மந்திரவாதி நெருப்பை ஏவினார். பூதம் கருகித் தள்ளாடியது. அடுத்து கவசவீரர், அதற்கடுத்து நான். தங்கை சாய்ந்தபடியே என் புட்டியைப் பார்த்துச் சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு.

கண்காணிப்பாளர் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். தம் முறை வந்தால் அவர் நின்றுதான் அறிவிப்பார். “கவசவீரனாகிய நான்,” என்று தொடங்கினார். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. முகம் சிவந்தது, பிறகு கறுத்தது.

“சார், உங்க முறை முடிஞ்சுதா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

கண்காணிப்பாளர் கையை ஆட்டினார்.

“கையை ஆட்டறது தாக்குதலா, சைகையா?” என்று என்னைக் கேட்டார் அளவையாளர்.

நான் எட்டாம் விதியைப் புரட்டினேன். ஒருவர் தம் செயலை அறிவித்து முடிக்கும்வரை அடுத்தவர் அசையக்கூடாது என்று தெளிவாக இருந்தது. கண்காணிப்பாளர் இன்னும் அறிவித்து முடிக்கவில்லை. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சரிவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கவலை இல்லாமல் இல்லை. ரொம்பக் கவலையாக இருந்தது.

தங்கை எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. கண்காணிப்பாளரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். ஐந்தாவது அடியில் பிஸ்கட் துண்டு பறந்து வந்து குகைக்குள் விழுந்தது. அவர் மூச்சை இழுத்த சத்தம் கீழே கடைவரை கேட்டிருக்கும்.

தண்ணீர் கொடுத்தோம். முகம் துடைத்தோம். தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே இருந்தாள். அவர் கண்ணில் நீர். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

“நீங்க,” என்றார், குரல் கரகரக்க, “மயக்கத்துல இருந்தீங்க.”

“சார், செத்துட்டிருந்தீங்க.”

“அது வேற. உங்களுக்கு நான் தனிப்பட்ட முறையில ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். வீட்டுக்கு வந்து நன்றி சொல்றேன். ஆனா இது குழு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “பத்தாம் விதி மீறப்பட்டிருக்கு. எனக்கு உதவி பண்ணினதுக்காக நானே கண்ண மூடிக்கிட்டா, அது சலுகை காட்டினதா ஆகும்.”

விசாரணை முறையாக நடந்தது. கண்காணிப்பாளர் மூச்சுத் திணறிக் கையை ஆட்டியது தன்னிச்சையற்ற செயல் என்பதால் குற்றமில்லை. வில்லாளி சொந்தக் குழுவைச் சேர்ந்தவரைப் பகடை உருட்டாமல் ஐந்து முறை அடித்திருக்கிறார், ஐந்தும் பட்டிருக்கின்றன. குகைக்குள் விழுந்த துண்டை அளவையாளர் அளந்து, அது ஒரு கட்டத்தை அடைக்கும் பாறை என்று தீர்ப்பளித்தார். பிறகு பதினோராம் விதி வாசிக்கப்பட்டது. கடைசி வரியை வாசிக்கும்போது கண்காணிப்பாளரின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

“ஆட்சேபணை உண்டா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு உண்டு. நெஞ்சுவரை இருந்தது. ஆனால் என் முறை இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன், தேதியும் போட்டேன்.

வில்லாளி இறந்தாள். கவசவீரர் விட்ட இடத்திலிருந்து அறிவிப்பைத் தொடர்ந்து, ஒரே வெட்டில் பூதத்தைச் சாய்த்தார். அடுத்து வைத்தியர் முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புட்டி நிறைய மருந்து இருந்தது, ஒருவருக்கும் காயம் இல்லை. நானே குடித்தேன். விதியில் தடை இல்லை.

மாடிப்படி இறங்கும்போது தங்கை கேட்டாள்: “ஏழு வாரமா அந்தப் புட்டிய கையில வெச்சிருந்தியேண்ணா. ஊத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யார் உன் கையப் புடிச்சிருப்பாங்க?”

யோசித்துப் பார்த்தேன். யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கண்காணிப்பாளர் முகம் சுளித்திருப்பார், அதோடு சரி. ஏழு வாரத்தில் ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை என்பதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. புதன்கிழமை அவளை வழியனுப்பும்போதும் அந்த வெட்கம் போகவில்லை.

போன வாரம் அங்கிருந்து போன் செய்தாள்.

“இங்கயும் நாலு பேர் சேர்ந்து ஆட ஆரம்பிச்சிருக்கோம். நம்ம வில்லாளி கதையச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கொன்னுட்டீங்கன்னுதான் சொன்னேன்.”

“சொல்லு. தப்பில்லை.”

“கதை நடத்தறது நான்தான். முதல் நாளே ரெண்டு பேருக்கு ஒரே எண் விழுந்துடுச்சு. மறுபடி உருட்டுவோம்னு ஒருத்தன் சொல்றான்.” கொஞ்சம் தயங்கினாள். “எனக்கு என்னவோ அது சரியாப் படலண்ணா. நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. நம்ம விதியெல்லாம் ஒரு நகல் எடுத்து அனுப்பறியா?”

“பதினொண்ணாவதையும் சேர்த்தா?”

“அதை எப்படி விடறது? பாதியில நின்னுடுமே.”

விண்ணப்பம் எழுதி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை குழு முன் வைக்கிறேன் என்றேன். அனுப்பிவிட்டாள். அதோடு இணைத்து வைக்கத்தான் இந்தக் குறிப்பை எழுதினேன். ஒரே ஒரு சிக்கல். குழுவின் பதிவேட்டில் அவள் இறந்துவிட்டாள், இறந்தவர் விண்ணப்பிக்கலாமா என்பது பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும், எழுதி வைத்துவிட்டேன்.