அரையங்குலமும் குனிகிற குதிரையும்

பந்தயக் கமிட்டித் தலைவரே, நீங்கள் அளவுகோலுக்குப் பயந்துதான் அரையங்குலத்தை விரட்டினீர்கள். அவருக்குக் கண் தெரியவில்லை என்று மைக்கில் சொன்னது பொய்.

கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் அரையங்குலத்தைப் போல எரிச்சல் மூட்டும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை. மிளகாய் விவசாயம் பார்க்கும் சம்சாரி. எங்கள் ஊர்க் குதிரை வண்டிப் பந்தயத்தில் தோள் உயரத்தை அளந்துதான் சின்னக் குதிரை, பெரிய குதிரை என்று பிரிப்பார்கள். அளப்பவர் இவர். அரை அங்குலம் கூடினாலும் பெரிய குதிரையோடுதான் ஓட வேண்டும். பெயர் வந்தது அப்படி.

குதிரைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? முன்னங்கால் நிற்கும் இடத்தில் மண்ணைச் சுரண்டிப் பள்ளமாக்கி வைப்பார்கள். இவர் செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குத்தவைத்துப் பார்ப்பார். கொடியசைக்க வந்த பிரமுகர் வெயிலில் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நிற்பார். சொந்த மச்சினன் குதிரையைக்கூட விடவில்லை.

“மச்சான், மயிரு மேல கோலு நிக்கிது. ஒதுக்கிட்டு அளங்க.”

“ஒதுக்கித்தான் அளந்தேன். வேணும்னா செரச்சுக் கூட்டியா மாப்ள, இன்னொருக்கா அளக்குறேன்.”

அதோடு மச்சினன் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது.

போன வருடம் நீங்கள் உங்கள் குதிரையைச் சின்னக் குதிரைப் பிரிவில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். தூரத்தில் வரும்போதே அது பெரிசு என்று தெரிந்தது. கோலைப் பக்கத்தில் வைத்ததும் காலை அகட்டி, முதுகைத் தாழ்த்தி, சாமி கும்பிடுவதுபோலப் பதுங்கியது. வீட்டில் கோலைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறீர்கள். அளவு சரியாக வந்தது. அரையங்குலம் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “செரி, ஓடட்டும்” என்றார்.

பிறகு எல்கையில், வண்டிகள் திரும்பும் இடத்தில், கொடி பிடிக்கத் தானே போனார். கொடியை அளவுகோலிலேயே கட்டியிருந்தார்.

உங்கள் குதிரை முதலில் பறந்து வந்தது. கோலைப் பார்த்தது. நடுரோட்டில் காலை அகட்டிப் பதுங்கி நின்றுவிட்டது.

“கோலக் கீழ போடுங்கய்யா” என்று கத்தினான் வண்டி ஓட்டியவன்.

“கொடியக் கீழ போட ரூல்சு இல்லியேப்பா.”

மட்டக்குதிரைகளெல்லாம் தாண்டிப் போய்விட்டன.

இந்த வருடம் அளவே கிடையாதாம். உரிமையாளர் சொல்வதே உயரம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். உப்பளக் கூலிக்காரர் முனியாண்டியின் மட்டக்குதிரை உங்கள் ஒட்டகத்தோடு ஓடி நெஞ்சடைத்துச் சாக வேண்டுமா?

நேற்று அரையங்குலத்தைப் பார்த்தேன். கோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “என்னைய விடுங்கய்யா. அந்த மட்டத்த மட்டும் பெரிசோட ஓட விட்றாதீக” என்றார்.

தலைவரே, பந்தயத்தன்று அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். கோலைக் கண்டால் உங்கள் குதிரை ஏன் குனிகிறது? அந்த எரிச்சல் பிடித்த மனிதரை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவருக்குத்தான் கண் தெரியாதே. காது நன்றாகக் கேட்கும், சத்தமாகச் சொல்லுங்கள்.