ராசாவுக்கு ஊட்டிய பீட்ரூட்

அரைகுறைப் படிப்பு படித்தவளைக் கொல்லாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் கொல்லும். என் விஷயத்தில் அது ஒரு வாத்து.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு மருமகளாகப் போனேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வேலை. (வேலைதான் புதுசு, தலைக்கனத்தில் பழுத்த அனுபவம்.) மாமி கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, பீலிக் குழாயிலிருந்து வழியும் தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றுக் குட்டையில் ஒரு சோடி வாத்து வளர்த்தார். ஆணுக்கு ராசா என்று பெயர். சோடி சேர்ந்து இவ்வளவு நாளாகியும் ஒரு குஞ்சைக் காணோமே என்பதுதான் அவருடைய ஒரே ஏக்கம்.

எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது. ஆண் வாத்தின் அலகு பளிச்சென்று மஞ்சளாக இருந்தால்தான் பெட்டை மயங்கும். அந்த நிறச்சத்தைப் பறவை தானாக உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ராசாவின் அலகோ வெளுத்துக் கிடந்தது. பெட்டை அவனைத் திரும்பிப் பார்ப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

கரட் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ பீட்ரூட். மஞ்சளுக்கே மயங்குகிறவள் சிவப்புக்கு மயங்க மாட்டாளா என்று கணக்குப் போட்டேன். குஞ்சு பொரித்த பிறகு சொல்லி மாமியிடம் பேர் வாங்கலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. பீட்ரூட்டைத் துருவி, சோற்றில் பிசைந்து, ராசாவுக்கு மட்டும் தனியாக ஊட்டினேன். (என் புருஷனுக்குக்கூட நான் அப்படி ஊட்டியதில்லை.)

பீட்ரூட்டின் சிவப்பு வேறு சாதி. அது அலகுக்குப் போகாது, வந்த வேகத்தில் பின்வழியாகப் போய்விடும். இதை நான் பிற்பாடுதான் படித்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வீடு முழுக்கக் கறி வாசம்.

“என்னா விசேஷம் மாமி? கோழியா?”

மாமியின் முகம் அழுது வீங்கியிருந்தது. என் கணவர்தான் சொன்னார்.

“காலையில ராசா ரத்த ரத்தமா கழிஞ்சுச்சு. சீக்கு வந்து தானா சாகுறதுக்கு முன்னுக்கு அறுத்துருவோம்னு அம்மாதான் சொன்னாங்க.”

மாமி ஒரு சிரட்டையை என் பக்கம் தள்ளினார். அதற்குள் இரைப்பையிலிருந்து எடுத்த சிவப்புத் துருவல்.

“இது என்னா டீச்சர்?”

நிறச்சத்து, அலகு, பெட்டையின் மயக்கம் என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். நான் நடத்தியதிலேயே மோசமான பாடம் அதுதான். கறியை யாரும் தொடவில்லை.

அதோடு பெட்டையையும் காணவில்லை. நரி தூக்கிவிட்டது என்றே நினைத்தோம். சில வாரம் கழித்து, தேயிலைச் செடிக்குள்ளிருந்து குஞ்சுகளோடு ஆடி ஆடி வந்து நின்றது. நான் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்த நாட்களிலேயே செடியடியில் ஒளித்து முட்டையிட்டிருக்கிறது. எல்லாம் ராசாவின் குஞ்சுகள்.

மாமி குந்தி உட்கார்ந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“அவளுக்கு அந்த வெளுத்த மூக்கே போதுமா இருந்திருக்கு. ஒனக்குத்தான் போதல,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாமி மன்னித்துவிட்டார், மறக்கத்தான் இல்லை. பிறகொரு நாள் அவருடைய கடைசி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் ஆசையாக அவளுக்கு உதட்டுச் சாயம் பூசப் போனேன். குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“போதும் விடுங்க டீச்சர். அப்புறம் இவளையும் அறுக்க வச்சிராதீங்க.”

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கண்ணாடி முன்னால் கூடுதலாக நின்றால், “ராசாவ நெனச்சுக்க” என்று ஒரு குரல் எழும்பும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.