ஈரத்தின் மேல் பூசாதவன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். தங்கள் நலமும், அத்தையின் முழங்கால் நலமும், ஆபரேஷன் ஆன தங்கள் இரண்டு கண்களின் நலமும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தாங்களே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை என்றால் அத்தையிடம் கொடுக்கலாம். அத்தையின் கண்ணாடி அகப்படாவிட்டால், வேறு வழியில்லாமல் தங்கள் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். வாசிப்பவர் நடுநடுவே 'ம்க்கும்' போடாமல் வாசித்தால் நன்றாயிருக்கும்.

நடந்ததைத் தங்கள் மகள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் தொழில் விவரம் இருக்காது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவள் சீட்டுப் பதிகிற கவுன்டருக்கு நேர் மேலே ஏ.சி. இருக்கிறது. நாள் முழுக்க அந்தக் காற்று முகத்தில்தான் அடிக்கிறது. காலையில் கொண்டுபோன முகத்தை அவள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவதில்லை; நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், கன்னமோ காய்ந்து இழுத்துக்கொண்டு நிற்கும். சிரித்தால் முகம் வலிக்கிறது என்றாள். வீட்டில் அவள் சிரிக்காததற்கு அதுதான் காரணமா என்று எனக்கு அன்றைக்கு ஒரு நிம்மதி. பக்கத்து கவுன்டர்ப் பெண் அவளுக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறாள். முகத்துக்கு அடிக்கிற தண்ணீர், பாட்டிலின் தலையை அமுக்கினால் பனி மாதிரி வருகிறது. "எண்ணெய் வேற, தண்ணி வேறக்கா. எண்ணெய் வழியுற தோலுக்கும் தாகம் எடுக்கும். இத அடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள மேல கொஞ்சம் கிரீம் பூசிடுங்க, அப்பத்தான் தண்ணி உள்ள நிக்கும்" என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

மாமா, தங்களுக்குத் தெரியாததல்ல, நான் ஆள் வைத்துச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவன். இந்தத் தொழிலில் எது மாறினாலும் ஒன்று மாறாது: ஈரத்தின் மேல் பூசக் கூடாது. பூசினால் கொப்புளம் விடும், உரியும், வீட்டுக்காரர் போன் பண்ணுவார். என்னிடம் வந்து, காயாத முகத்தில் கிரீமைப் பூசு என்றால் மனசு கேட்குமா? "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் அல்லவா, அதற்காகப் பாத்திரம் தேய்க்கிற சோப்பால் முகத்தைக் கழுவச் சொன்னேன். கழுவினாள். ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஸ்பிரே கன் பிடிக்கிற தூரத்தில் பாட்டிலைப் பிடித்து இடமிருந்து வலமாக ஒரு கோட் அடித்தேன். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பினேன். விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை, இரண்டாவது கோட். மறுபடி ஃபேன். கிரீம் டப்பாவை எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன், உள்ளே ஈரம் இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று. இப்படியே தினமும் அவள் வேலைவிட்டு வந்ததும் ஸ்டூல், கோட், ஃபேன். முகம் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. மட்டமான பட்டி பார்த்த சுவர் மாதிரி கன்னத்தில் கோடு கோடாக வெடித்தது. நெற்றியில் எண்ணெய் முன்னைவிட அதிகம். "இன்னொரு கோட் அடிச்சுப் பாப்போம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கல்யாணத்திலிருந்தே என் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவளே தண்ணீரை அடித்து, ஈரம் சொட்டச் சொட்ட கிரீமைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "ஐயையோ, உரிஞ்சு வந்துடும்" என்று கத்திக்கொண்டே தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். அது பெயின்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்துக் கை துடைத்த துணி. அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் தங்கள் வாசலிலேயே பார்த்திருப்பீர்கள், சிவந்த முகமும் பெட்டியுமாக. போகும்போது அவள் அழவில்லை. கண்ணீர் பட்டால் எரியும் என்று அடக்கிக்கொண்டாளோ என்னவோ. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இத எப்படிப் போடணும்னு எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சேதான் வந்து உக்காந்தேன். கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க என் மூஞ்சிய உத்துப் பாத்தது இந்த ஒரு வாரந்தான். சரி, பாக்கட்டுமேன்னு இருந்தேன். அதையும் சுவரப் பாக்குற மாதிரிதான் பாத்தீங்க." நான் போய், சும்மா ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினேன்.

அவள் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் இல்லை மாமா. சமைக்கிறேன், சமைத்ததை நானே சாப்பிட வேண்டியிருக்கிறது, அதுதான் கொஞ்சம் சிரமம். வீட்டில் சத்தமே கிடையாது. சாவியை மேசையில் வைத்தால் யாரோ வந்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறேன். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, அவள் படுக்கிற பக்கம் பூச்சு உதிர்கிறது. அதைச் சரிபண்ணச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்; ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் முடியட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது அந்தப் பக்கம் நான் படுத்துப் பார்த்தேன். எழுந்தால் முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். இவள் தினமும் இதைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள். நேற்று ஒரு வீட்டில், சுவர் காய்ந்ததா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, என் ஆட்களெல்லாம் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். வீட்டுக்கார அம்மா வந்து, "என்ன மேஸ்திரி, சுவர் ஏதாவது சொல்லுதா?" என்றார். "இன்னும் காயலைம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனாலும் மாமா, தொழில் வேறு, பாசம் வேறு. ஈரத்தின் மேல் பூசக் கூடாது என்பதில் நான் சொன்னது சொன்னதுதான். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நானும் கேட்பதாக இல்லை. அவசரம் எதுவும் இல்லை. முகம் ஆறி, மனம் ஆறி, தங்களுக்குக் கண்ணாடியும் வந்த பிறகு அவள் நிதானமாக வந்தால் போதும். அத்தையின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிற இந்தப் பார்சலிலேயே அவள் விட்டுப்போன பாட்டிலையும் வைத்திருக்கிறேன். இனி அதை என் கண்ணில் காட்ட வேண்டாம்.

அத்தையின் கால் தொட்டு வணங்கியதாகச் சொல்லவும், முழங்காலில் படாமல் வணங்கியதாகவும் சேர்த்துச் சொல்லவும். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளவும்.

தங்கள் ஆசியே துணை என்றிருக்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: பார்சலில் பாட்டிலைத் தேட வேண்டாம், வைக்கவில்லை. காலையில் கடிதத்தை மடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்திலேயே அடித்துக்கொண்டேன். எனக்கும் நெற்றியில் எண்ணெய்தான், கன்னம் காய்ந்துதான் கிடக்கிறது. இத்தனை நாள் கண்ணாடியில் நானே பார்த்ததில்லை. ஃபேனைப் போடவில்லை. ஈரத்தோடு ஈரமாக அவளுடைய கிரீமைப் பூசினேன். நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் வந்து தொட்டுப் பார்த்தேன். உரியவில்லை, இழுக்கவில்லை, மெத்தென்று இருக்கிறது. மேலே பூசியதால்தான் ஈரம் உள்ளே நிற்கிறது.

தங்களுக்குக் கண்ணாடி வரவில்லை என்பதும், அத்தையின் கண்ணாடி என்றைக்குமே அகப்படாது என்பதும் தெரிந்துதான் மாமா இதைத் தங்கள் பெயருக்கு எழுதினேன். ஆகையால் வாசித்துக்கொண்டிருப்பவளே, மேலே 'மாமா' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நீ' என்று வைத்துக்கொள். 'நான் இங்கே நலம்' என்று வருகிற இடத்தை அடித்துவிடு. உன் பக்கத்துச் சுவரைச் சுரண்டிவிட்டேன், நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூசுவேன்; சுவருக்கு அதுதான் முறை. நீ சுவர் இல்லை. வந்து ஸ்டூலில் உட்கார். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பார்க்கிறேன்.